ஏழாம் நம்பர் கட்டை

மார்ச் 3, செவ்வாய்

தோள்பட்டை வலி அப்படியே இருக்கிறது. காலையில் இடது கையால் பல் தேய்த்தேன். குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. வாஷர் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. மாற்றத்தான் தெம்பு இல்லை.

மதியம் கண்ணாடி வந்தான். துப்பாக்கி சுடும் சங்கத்தில் இப்போது ஆயுத அறையைப் பார்த்துக்கொள்கிறவன். இருபத்தொன்பது வருடம் நான் உட்கார்ந்த நாற்காலியில் உட்காருகிறவன். அவன் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அவனுடைய தடித்த மூக்குக்கண்ணாடியை வைத்து, முதல் நாளிலிருந்தே கண்ணாடி என்றுதான் கூப்பிடுகிறேன், அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

பழைய போர்வையில் எதையோ சுற்றி எடுத்துவந்தான். பிரிப்பதற்கு முன்பே நீளத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். துப்பாக்கியின் மரக்கட்டை. இரும்பு முழுவதும் அங்கே பூட்டில் இருக்கிறது. மரம் மட்டும் என்றால் காகிதம் கையெழுத்து எதுவும் வேண்டாம்.

"ஏழாம் நம்பர் ஐயா. பழைய வார்னிஷ எடுத்துட்டு பாலிஷ் போடணுமாம்."

"யாரு சொன்னது?"

"மேல சொன்னாங்க. உங்ககிட்டதான் குடுக்கணும்னும் சொன்னாங்க."

மேலே என்றால் யார், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. சங்கத்துக்கு இந்த வருடம் ஐம்பது ஆகிறது. பழையதை எல்லாம் கண்ணாடி அலமாரியில் வைத்து விளக்குப் போடுவார்கள். அதற்காகத்தான் இருக்கும்.

கதவைச் சாத்தியிருக்க வேண்டும். ஆனால் நான் மாட்டேன் என்றால் மேசை நாற்காலிக் கடையில் கொடுப்பார்கள். அவன் மெஷினால் தேய்த்து, மெஷினால் பூச்சு அடித்து, கட்டிலின் கால் மாதிரி பளபளவென்று திருப்பித் தருவான். மனசு கேட்கவில்லை. வாங்கி வைத்தேன்.

போகும்போது சொன்னான்: "நீங்க எழுதி வெச்ச பத்து விதியும் சுவத்துல அப்படியே இருக்குங்கய்யா. தாள் கிழியக் கூடாதுன்னு லேமினேட் பண்ணிட்டேன். அதுல இருக்கிறபடிதான் எல்லாம் செய்யறேன்."

காதில் விழாத மாதிரி இருந்தேன். விழுந்தது.

மார்ச் 4, புதன்

இதை எத்தனை முறை எழுதினாலும் தீரவில்லை. கட்டை வீட்டுக்குள் வந்துவிட்டதால் இன்னொரு முறை.

ஏழும் எட்டும் ஒரே நாளில் வந்த ஜோடி. ஒரே கம்பெனி, வால்நட் மரம். ஒரே மரத்தில் அறுத்தது என்று ரேகையைப் பார்த்தாலே தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் எட்டாம் நம்பர், சுடும்போது கழுத்தில் பிளந்தது. கை பிடிக்கிற ஒடுங்கின இடத்தைத்தான் கழுத்து என்கிறேன். பிடித்திருந்தவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. சங்கத்திலேயே கை நடுங்காதவன். பிளந்த மரம் அவன் வலது கட்டைவிரலை அடியோடு கிழித்தது. தைத்தார்கள், ஒட்டிக்கொண்டது, ஆனால் இன்றுவரை அந்த விரல் மடங்காது.

மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். மரமே மட்டம், கம்பெனி ஏமாற்றிவிட்டான் என்று நான் சொன்னேன். மச்சினனைக் கேட்டார்கள்: "ஆயுத அறையில கவனக்குறைவு இருந்துச்சா?" கையில் கட்டோடு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. என்னோடு ஒரே பந்தலில் மாலை போட்டுக்கொண்டு நின்றவளின் தம்பி. வாயைத் திறக்கவில்லை. 'பராமரிப்புக் குறை' என்று எழுதி என் தலையில் கட்டினார்கள். ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து அவன் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. மிதிக்கவும் மாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

வார்னிஷ் உரிக்கத் தொடங்கினேன். ரிமூவரைப் பூசி, தோல் சுருங்குவது போலச் சுருங்கியதும் மழுங்கின கத்தியால் வழித்தேன். நாற்றம் தாங்காமல் மாடிக்குப் போய்விட்டேன். வெயிலில் மூன்று மணி நேரம். தோளில் பதிகிற பின்தகடு பக்கத்திலிருந்து மேலே வந்துகொண்டிருக்கிறேன். கழுத்துக்கு இன்னும் வரவில்லை.

மரம் வெளியே தெரிய ஆரம்பித்ததும் கொஞ்சம் நின்றேன். உள்ளே இவ்வளவு சிவப்பு இருக்கும் என்று மறந்தே போயிருந்தது.

இறங்கும்போது முழங்கால் இரண்டும் சண்டைக்கு வந்தன.

மார்ச் 7, சனி

மரத்தில் நசுங்கல்கள் ஏழெட்டு. ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் ஆவி உள்ளே போய், நசுங்கின நார் தானாக எழுந்துவரும். வெட்டுப்பட்ட இடம் எழாது. நசுங்கினது மட்டும் எழும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. என் கையே கண்டுபிடித்தது.

வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"என் இஸ்திரிப் பெட்டியா அது?"

"வீட்டுல வேற இருக்கா?"

"துப்பாக்கிக்கு மடிப்பு எடுக்கறீங்களா? சட்டைக்கு எடுங்கன்னு நாப்பது வருஷமா சொல்றேன்."

"அடித்தட்டைத் துடைச்சுத் தர்றேன்."

"துடைச்சுத் தருவீங்க. நாளைக்கு நான் கட்டற புடவையில அதோட கறை இருக்கும். தம்பி கேட்டா என்ன சொல்ல, உங்க மாமா எனக்கும் பாலிஷ் போட்டுட்டாருன்னு சொல்லவா?"

தம்பி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டாள். நான் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

வழக்கம்போல அவள் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். வழக்கம்போல வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல."

பதினோரு வருடம், ஒவ்வொரு ஞாயிறும். கேட்காமல் போக மாட்டாள். நானும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

கழுத்துவரை வந்துவிட்டேன். அதற்கு மேலே, இரும்பு வந்து உட்காரும் வாய்ப் பகுதியில் நிறம் சரியில்லை. சிவப்பு போய்ப் பழுப்பு, பழுப்பு போய்க் கருப்பு. அழுக்கு என்று நினைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கருப்பு. உப்புத்தாள் பிசுபிசுவென்று அடைத்துக்கொண்டது. மூன்று தாள் வீண்.

கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். உள்ளே போனது. வால்நட் மரத்தில் நகம் போகக் கூடாது.

மார்ச் 11, புதன்

சாக்பீஸைத் தூளாக்கித் தின்னரில் குழைத்து, கருப்பு இருந்த இடம் முழுக்க அப்பி வெயிலில் வைத்தேன். எண்ணெய் இருந்தால் தூள் உறிஞ்சும். மாலையில் பார்த்தபோது வெள்ளை முழுவதும் டீ நிறம்.

மார்ச் 12, வியாழன்

மறுபடி அப்பினேன். மறுபடி வந்தது.

மார்ச் 13, வெள்ளி

இன்றும் வந்தது.

மார்ச் 14, சனி

இன்றும். உதிர்த்த தூளை முகர்ந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். நீல டப்பா எண்ணெய். அந்த வாசனை என் சட்டையில், தலையணையில் எல்லாம் இருந்த காலம் உண்டு. வேறு எண்ணெயை நான் ஆயுத அறைக்குள் விட்டதே இல்லை.

அதனால் என்ன? துப்பாக்கி என்றால் எண்ணெய் இருக்கத்தான் செய்யும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் நாலு குழல் துருப்பிடித்தது. எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு புள்ளி துரு கிடையாது, இருபத்தெட்டு வருடம். எப்படி? மூன்றாம் விதி: மாதம் ஒரு முறை எல்லாத் துப்பாக்கிக்கும் எண்ணெய், எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. நான்காம் விதி: எண்ணெய் இட்டதும் குழல் மேலே இருக்கும்படி தாங்கியில் நிறுத்தவும். நானாக இட்டுக்கட்டியதில்லை. கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்திலேயே படம் இருக்கிறது.

பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியாத மொழி. வந்த நாளிலிருந்து படத்தை வைத்துத்தான் படித்தேன், எவனிடமும் போய் நிற்கவில்லை. முதல் படத்தில் ஒருவன் எண்ணெய் விடுகிறான். மூன்றாம் படத்தில் துப்பாக்கிகள் குழல் மேலே இருக்க வரிசையாக நிற்கின்றன. நடுவில் உள்ள படம் தலைகீழாக அச்சாகிவிட்டது. துப்பாக்கி குழல் கீழே இருக்க நிற்கிறது. இவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு படத்தை நேராக அச்சடிக்கத் தெரியவில்லை என்று அந்தக் காலத்திலேயே சிரித்திருக்கிறேன்.

இன்று அந்தப் படத்தைக் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைகீழ் என்றால் பக்கத்தில் தெரியும் மேசையும் தலைகீழாக இருக்க வேண்டும் அல்லவா? மேசை நேராக இருக்கிறது.

கண் வலிக்கிறது. போதும்.

மார்ச் 16, திங்கள்

விரிசல் ஒன்று இருக்கிறது. வாய்ப் பகுதியிலிருந்து கழுத்துக்கு உள்ளே, இரண்டு விரல் நீளம், முடி அகலம். கருப்புக்குள் மறைந்து கிடந்தது, எண்ணெய் கொஞ்சம் வெளியே வந்ததும் தெரிகிறது.

எட்டாம் நம்பர் பிளந்ததும் இதே இடம்.

இது வேறு, அது வேறு. அதில் மரம் மட்டம்.

இரண்டும் ஒரே மரம் என்று நான்தான் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு நாள்தான் ஆகிறது.

மார்ச் 17, செவ்வாய்

விரிசலை அடைத்தேன். பசையில் இதே மரத்தூளைக் குழைத்து, மெல்லிய தகடால் உள்ளே தள்ளி, இறுக்கிக் கட்டி வைத்தேன். கண்ணாடி அலமாரிக்குள் நிற்கப் போகிற துப்பாக்கி. எவனும் தோளில் வைக்கப் போவதில்லை. பார்க்க நன்றாக இருந்தால் போதும்.

சரியாகத்தானே செய்தேன்? சரிதான்.

மார்ச் 18, புதன்

கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து நைசு உப்புத்தாள் போட்டேன். விரிசல் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. இந்தக் கைக்கு இன்னும் வேலை தெரிகிறது.

கருப்பு தனியாகத் தெரியாதபடி கொஞ்சம் சாயம் கலந்து, மற்ற இடத்தையும் அந்த நிறத்துக்குக் கொண்டுவந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

ஆளிவிதை எண்ணெய், முதல் பூச்சு. விரல் நுனியால் தொட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்துத் தேய்த்து உள்ளே அனுப்ப வேண்டும். முக்கால் மணி நேரம் தேய்த்தேன், தோள் செத்துப்போனது. ஆனால் ரேகை எழுந்து வந்தது பார், ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த தடம் போல. வீட்டுக்காரிகூட நின்று பார்த்துவிட்டுப் போனாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் போவது பெரிய பாராட்டு.

மார்ச் 21, சனி

மச்சினன் மகள் வந்தாள். இருபத்தைந்து வயதாகிறது, கப்பல் சரக்கு ஆபீசில் வேலை. அத்தையைப் பார்க்க எப்போதாவது வருவாள், நான் உள்ளறைக்குப் போய்விடுவேன். இன்று தப்பிக்க முடியவில்லை. மாடிக்கே ஏறி வந்துவிட்டாள்.

"மாமா, என் துப்பாக்கி எப்படி இருக்கு?"

"உன் துப்பாக்கியா?"

"ஏழாம் நம்பர். அடுத்த மாசம் போட்டியில அதைத்தான் எடுக்கப் போறேன். மத்தது எல்லாம் எனக்குக் கை எட்டாது, இதோட நீளம் மட்டும்தான் சரியா வருது. கண்ணாடி அண்ணன் சொல்லலையா?"

நான் கேட்கவில்லை.

கட்டையை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். கன்னம் மரத்தில் படிந்தது. கட்டைவிரல் கழுத்தைச் சுற்றி வந்து, நான் அடைத்து வைத்த இடத்துக்கு மேலே உட்கார்ந்தது. சரியாக அதே இடத்தில்.

"என்னமா இழைச்சிருக்கீங்க மாமா. முகம் பார்க்கலாம் போல இருக்கு."

"காயல. கீழ வை" என்றேன். குரல் எப்படி வந்ததோ, சட்டென்று வைத்துவிட்டாள்.

பேச்சை மாற்றத்தான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன் என்று எழுத ஆசை. இல்லை. நாலைந்து நாளாக அதைக் கையிலேயே வைத்திருக்கிறேன். நடுப்படத்தைக் காட்டி, "கீழ என்னவோ எழுதியிருக்கே, என்னன்னு தெரியுமா" என்று கேட்டேன். இந்த வயதில், ஒருவரிடம் கேட்டேன்.

போனை அந்தப் பக்கத்துக்கு மேலே பிடித்தாள். இப்போது போனே படித்து, போனே தமிழில் சொல்லுமாம். கொஞ்சம் கோணல் தமிழ். அவள் வாசித்துக்காட்டினாள்:

"எண்ணெய் இட்ட பின் நன்றாகத் துடை. ஒரு நாள் முழுக்கக் குழல் கீழே இருக்க நிறுத்து. இல்லையெனில் எண்ணெய் மரத்துக்குள் இறங்கும். மரம் பலமிழக்கும்."

பிறகு, "தலைகீழா நிறுத்தணுமாம் மாமா, வேடிக்கையா இருக்கு" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் போன பிறகு மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி இரண்டு முறை கூப்பிட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

"ஏதாவது சொல்லணுமா?"

பதில் சொல்லவில்லை. அவள் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை மாட்டாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனாள்.

மார்ச் 23, திங்கள்

முடியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். மரம் சரியில்லை, பூச்சு ஒட்டவில்லை, ஏதாவது. கண்ணாடி நம்புவான். அவன் நான் சொல்வதை எல்லாம் நம்புகிறான், அதுதான் வினை. பதினோரு வருடமாக மாதா மாதம், என் விதிப்படி, கஞ்சத்தனம் இல்லாமல் ஊற்றியிருக்கிறான்.

ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினால் வேறு ஒருவன் பூச்சு அடித்துக் கொடுப்பான். அந்தப் பெண் தோளில் வைப்பாள்.

மாலையில் சமையலறை வாசலில் நின்று வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"எட்டாம் நம்பர் பிளந்தது மரத்தால இல்ல. நான் ஊத்தின எண்ணெயால."

அவள் அடுப்பை அணைத்தாள். திரும்பவில்லை.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"பத்து நாளா. நேத்து முந்தாநாள்தான் நிச்சயமாச்சு."

"பதினோரு வருஷம்" என்றாள். "ஒவ்வொரு வாரமும் நான் தனியாத்தான் போனேன். அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் தனியாத்தான் போனேன். மாமா வரலையான்னு எல்லாரும் கேட்பாங்க. தோள் வலின்னு சொல்லுவேன். அப்ப உங்களுக்குத் தோள் வலியே கிடையாது."

நான் என்ன சொல்ல முடியும்? இப்போது உண்மையிலேயே வலிக்கிறது என்றா?

"நாளன்னிக்குப் போறேன்" என்றேன்.

"கூட வரமாட்டேன். நீங்க தனியா போங்க."

மார்ச் 24, செவ்வாய்

கட்டையை அறுத்தேன். பின்தகடு முனையில் தொடங்கி, கழுத்தின் நடுவே, நீளவாக்கில், வாய் வரைக்கும். இவ்வளவு தேய்த்த பிறகு ரம்பத்தை வைக்கக் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் விரல் போய்விடும். பார்த்துக்கொண்டேதான் அறுத்தேன்.

ரம்பம் பின்பக்கம் கீச்சென்றது. வாய்ப் பக்கம் வந்ததும் சத்தமே இல்லை, வெண்ணெயில் போவது மாதிரி போனது. உள்ளே பாதி கருப்பு. நான் அடைத்த பசை மட்டும் வெளிறிய கோடாக, மேலே ஒரு நூல் ஆழத்துக்கு இருந்தது. அதற்குக் கீழே விரிசல் அப்படியே திறந்துதான் கிடந்தது.

அந்தக் கோட்டை உளியால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

மார்ச் 25, புதன்

போய் வந்தேன். எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

அவன் வீட்டு வாசலில் முன்பு இருந்த கம்பிக் கதவு இல்லை, புதிது போட்டிருக்கிறான். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன். அவனே வந்து திறந்தான். தலை முழுவதும் நரைத்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள், சொல்ல வந்தவளை நான் விட்டேனா?

"வாங்க மாமா" என்றான். நேற்றுப் போனவனைக் கூப்பிடுவது மாதிரி.

உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரம் ஆகும், அதற்குள் சொல்ல வந்தது போய்விடும். போர்வையைப் பிரித்து இரண்டு பாதியையும் மேசைமேல் வைத்தேன்.

"பாரு."

பார்த்தான். பிறகு அந்த மடங்காத விரலால், அதன் நகத்தால், கருப்பில் அழுத்தினான். உள்ளே போனது. எடுத்தான். நகத்தடம் அப்படியே நின்றது.

"எட்டாம் நம்பரும் உள்ள இதே மாதிரிதான் இருந்துச்சு" என்றான். "அன்னிக்கே பார்த்தேன். என்னன்னு எனக்குத் தெரியாது. நான் சுடறவன், மரம் பார்க்கிறவன் இல்ல."

"என் எண்ணெய்" என்றேன். "நான் ஊத்தினது. நிறுத்தினதும் தப்பு. மரம் நல்ல மரம்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம். பதினோரு வருடமாக அதைத்தானே தூக்கிச் சுமக்கிறேன். கோபம் வந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகும் வந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான்டா உக்கார்ந்திருந்தே. வாயில என்ன வெச்சிருந்தே?"

"என்ன சொல்லச் சொல்றீங்க மாமா?" குரலை உயர்த்தவே இல்லை. "வாயைத் தொறந்தா, உள்ள கருப்பா மெத்துனு இருந்துச்சுன்னு சொல்லணும். இல்லேன்னா பொய் சொல்லணும். முதலாவதைச் சொன்னா உங்க கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். ரெண்டாவது எனக்கு வராது. வாயை மூடிக்கிட்டேன். அதுக்கு மேல எனக்குத் தெரியல."

நான் உட்கார்ந்தேன். உட்கார வேண்டியதாகிவிட்டது.

"பாலிஷ் போடச் சொன்னது நீயா?"

"நான்தான். சங்கத்துல சொல்லி அனுப்ப வெச்சேன். பொண்ணு ஏழாம் நம்பர்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. மாமா பார்த்து அனுப்பினா எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன். சோதிச்சுப் பாருங்கன்னு கேட்டா நீங்க கதவைச் சாத்திடுவீங்க. பாலிஷ்னா உரிப்பீங்க. உரிச்சா உங்க கண்ணுக்குத் தப்பாது."

"கண்டும் மறைச்சிருந்தா?"

"நீங்களா?" என்று சிரித்தான். "மறைக்கத் தெரிஞ்சவரா இருந்தா, பதினோரு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டீங்க."

நான் சிரிக்கவில்லை. விட்டால் அவனை நல்லவனாகவே ஆக்கிவிடுவேன் போலிருந்தது. கேட்டேன்: "சரி, கருப்பைப் பார்த்தவன், மத்த மரத் துப்பாக்கியைப் பத்தி ஒரு நாளாவது யோசிச்சியா? யார் கையிலயாவது பிளந்திருந்தா?"

அவன் முகம் மாறியது. "இல்ல மாமா. அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். அது என் தப்பு."

"ஆமா, உன் தப்பு" என்றேன். அதையாவது சொல்ல முடிந்தது.

மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. அவனும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. டீ கொடுத்தான். கோப்பையை அந்த விரலை நீட்டிக்கொண்டு நாலு விரலால் பிடிக்கிறான். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் அந்த விரிசலை மூடித்தான் வைத்திருந்தேன். அவன் மகள் தோளில் வைத்துப் பார்த்தபோதும் மூடித்தான் இருந்தது. சுரண்டி எடுத்த பிறகுதான் கொண்டுபோனேன். இங்கே எழுதிவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் சட்டை தேடிக்கொண்டிருந்தேன். "மடிப்பு எடுத்துப் பின்னால மாட்டியிருக்கேன்" என்றாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

குழாய்க்கு வாஷர் மாற்றினேன். முடிக்க ஒரு மணி நேரம். பத்து நிமிட வேலை.

ஏப்ரல் 19, ஞாயிறு

போட்டியில் மச்சினன் மகளுக்கு நாலாம் இடம். பிளாஸ்டிக் கட்டை போட்ட புதுத் துப்பாக்கியால் சுட்டாள். தரை துடைக்கிற குச்சியைத் தோளில் வைத்த மாதிரி இருக்கிறதாம். "ஏழாம் நம்பர் இருந்திருந்தா மூணாவது வந்திருப்பேன் மாமா" என்று போனில் முறையிட்டாள். அவள் அப்பனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "கட்டைவிரலை மடக்கிக் காட்டச் சொல்லுடா அவளை" என்றேன். "மடக்கறா மாமா" என்றான். "அப்ப சரி" என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 22, புதன்

சங்கத்துக்குப் போனேன். பதினோரு வருடம். படியில் ஒன்று கூடியிருக்கிறது, அல்லது என் முழங்கால் அப்படி எண்ணியது.

விசாரித்த மூவரில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒருவர் ஊரில் இல்லை. மூன்றாமவர் அலுவலகத்தில் இருந்தார். சொல்ல வேண்டியதை நின்றபடி சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். "இப்ப எதுக்குங்க இதெல்லாம்" என்றார். அவரோடு பேசப் பிடிக்கவில்லை, அப்போதும் பிடிக்காது.

ஆயுத அறை அதே வாசனை. சுவரில் என் தாள், பிளாஸ்டிக் உறைக்குள். பேனா அதன்மேல் எழுதவில்லை. கண்ணாடி தடித்த மார்க்கர் ஒன்று எடுத்துத் தந்தான். மூன்றாம் விதியை அடித்தேன். நான்காம் விதியை அடித்தேன். மற்ற எட்டும் சரியானவை, அவற்றைத் தொடவில்லை.

தாளுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, அறுத்த கட்டையில் ஒரு பாதியை, கருப்பு வெளியே தெரியும்படி மாட்டினேன்.

"கீழ என்ன எழுதட்டுங்கய்யா?"

"ஒண்ணும் எழுத வேணாம். எண்ணெய் டப்பாவைத் தொடறதுக்கு முன்னாடி அதுல நகத்தை வெச்சு அழுத்திப் பார்க்கச் சொல்லு. நீயும்தான்."

உடனே அழுத்திப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல் டப்பாவை எடுத்து மேல் தட்டில் வைத்தான்.

மரக்கட்டை வைத்தவை இன்னும் ஒன்பது இருக்கின்றன. எல்லாவற்றையும் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். இரண்டு மாதம் ஆகும், தோள் ஒத்துழைத்தால். அதுவரை பூட்டில்தான் இருக்கும். இரண்டு பேருமாக ஒவ்வொன்றாகத் துடைத்து, ஒன்பதையும் குழல் கீழே இருக்கும்படி நிறுத்தினோம், நடுப்படத்தில் இருப்பது போலவே.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். இன்னும் அச்சுப்பிழை மாதிரிதான் இருக்கிறது.